ஜேர்மனியப் புலமை மரபும் பிற பண்பாடுகளும்
பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் ஆய்வுநெறியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1

ஒரு பண்பாட்டைப் பிறிதொரு பண்பாட்டினர் ஆராயப் புகும்பொழுது இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஆராய்ந்தவர் எவ்வளவு அறிந்தார் என்பது ஒன்று. அவ்வறிவு ஆராயப்பட்டவருக்கு யாது செய்தது என்பது மற்றொன்று. முதலாம் வினாவுக்கு விடை கூறிய நூல்கள் பலவுள. இரண்டாவது வினா நம்மவரிடையே போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஆங்கிலேயரைப் பொறுத்தவரை அவ்வினாவை நாம் எளிதிற் கேட்டுவிடுகிறோம். அவர்கள் நம்மை ஆண்டவர்கள். ஜேர்மனியரோ தென்னாசியாவில் ஒரு சாண் நிலமும் ஆண்டவரல்லர். எனவே அவர்களுடைய புலமை ஆட்சிக் கறை படியாதது, அறிவுக்காகவே அறிவை நாடியது என்னும் எண்ணம் நம் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. மாக்ஸ் முல்லரை நாம் இன்றும் ஒரு முனிவரைப் போலவே நினைவுகூர்கின்றோம்.

இவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நமக்கு மிக அண்மையிலேயே ஓர் உரைகல் உண்டு. வடமராட்சியின் கரவெட்டியில் 1932இற் பிறந்து, அவ்வூர் விக்னேஸ்வராக் கல்லூரியிலும் பின்னர்க் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிலும் பயின்று, பேராதனை வழியாகப் பேர்மிங்ஹாம் சென்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கி, 2011இல் மறைந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் ஆய்வுப்பணியே அது. அவர் ஜேர்மனியிற் கற்றவரல்லர். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியச் சிந்தனையின் ஒரு கிளை அவர் எழுத்தில் வந்து தமிழ் மண்ணில் ஊன்றியது. அக்கிளை இங்கு எவ்வாறு தழைத்தது, எவ்விடத்தில் நம் மண்ணுக்கு ஒவ்வாது நின்றது என்பவற்றைக் கண்டால், பிறர் புலமையை நாம் ஏற்கும் முறைக்கே ஓர் அளவுகோல் கிடைக்கும்.

2

ஜேர்மனியப் புலமையின் முதற்பெரும் கொடை மூலபாடத்தின்பால் அது காட்டிய கண்டிப்பு ஆகும். ஹாலே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரெடரிக் ஓகஸ்ட் வொல்ஃப் 1795இல் வெளியிட்ட ஹோமர் பற்றிய நூல், எழுத்தறியாக் காலத்துப் பாணர் பாடல்கள் எங்ஙனம் காவியமாகத் தொகுக்கப்பட்டன என்ற வினாவை ஐரோப்பாவின் முன் வைத்தது. பின்னர் லாஹ்மன் முதலியோர் ஏடுகளை ஒப்புநோக்கி, அவற்றின் கால்வழியை வரைந்து, மூலபாடத்தை மீட்கும் முறையை வகுத்தனர். நம் நாட்டிற் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபொழுது அம்முறையை அறிந்திருந்தாரென்பதற்கில்லை. எனினும் செல்லரித்த ஏடுகளோடு அவர் பட்ட பாடும் காட்டிய கவலையும் அதே இனத்தன. பாடத்தைப் போற்றுதல் என்ற அளவில் இரு மரபுகளும் ஒன்றையொன்று எளிதில் அடையாளங் கண்டுகொள்ளும்.

இதே ஹாலே நகரந்தான் தமிழும் ஜேர்மனியரும் முதன்முதலிற் கலந்துகொண்ட இடமும் ஆகும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், சிறுவரோடு உடனிருந்து தமிழெழுத்துப் பழகியவர். இரண்டாண்டுகளுக்குள், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். 1716இல் அவருடைய தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் ஹாலேயில் அச்சாயிற்று. ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களின் வரன்முறை பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெருநூல் அச்சேறவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்பலாகாது என்பது மிசன் தலைமையின் நோக்கு. அந்நூல் 1867இலேயே, அதுவுஞ் சென்னையில், கெர்மன் என்பவரால் வெளியிடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நூல் பெட்டியிற் கிடந்தமை தற்செயலன்று. புலமை தன்னைப் போற்றி வளர்த்த நிறுவனத்தின் வரம்புக்குள்ளேயே நடமாடிற்று என்பதற்கு அது சான்று.

இன்னுமொரு செய்தி நம் கவனத்துக்குரியது. தரங்கம்பாடி மிசனரிமார் சமயம், ஒழுக்கம், வழக்காறு ஆகியன பற்றிய வினாக்களைத் தமிழறிஞர்க்கு அனுப்பி, அவர்கள் எழுதிய விடைக்கடிதங்களை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அவை 1714ஆம் 1717ஆம் ஆண்டுகளில் அச்சாயின. கடிதம் எழுதிய தமிழரோ பெரும்பாலும் நமக்குப் பெயரறியாதவர்களே. வினாத் தொடுத்தவர் பெயர் வரலாற்றில் நின்றது. விடை பகர்ந்தவர் பெயர் நிற்கவில்லை. கிரௌல் திருக்குறளை ஜேர்மனிலும் இலத்தீனிலும் பெயர்த்தமை, ஷோமெரஸ் 1912இற் சைவசித்தாந்தம் பற்றி விரிவான நூலும் 1923இல் திருவாசக மொழிபெயர்ப்பும் தந்தமை ஆகியன நன்றியோடு போற்றத்தக்க பணிகள். எனினும் அவற்றிலெல்லாம் வினா ஒரு பக்கத்திலிருந்தே வந்தது என்பதை மறத்தலாகாது.

3

மூலபாடத்திலிருந்து மொழிக்கும், மொழியிலிருந்து மக்களுக்கும் ஜேர்மனியப் புலமை சென்ற வழியிலேதான் பெரும் இடர் நேர்ந்தது. சொற்களையும் விகுதிகளையும் ஒப்பிட்டு மொழிக்குடும்பங்களை வகுத்தமை அறிவுலகின் அரிய சாதனைகளுள் ஒன்று. அதிலே குற்றமில்லை. ஒரு குடும்பத்து மொழியைப் பேசுவோர் அனைவரும் ஒரே குருதியினர் என்று கொண்டபொழுதுதான் குற்றம் புகுந்தது. மாக்ஸ் முல்லரே பிற்காலத்தில், 1888இல், மொழிக்குரிய பாகுபாட்டை இனத்துக்கு ஏற்றலாகாதெனக் கடுமையாக எச்சரித்தார். அதற்குள் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது, எச்சரிக்கை பரவவில்லை.

இலங்கையில் இதன் விளைவை நாம் நன்கறிவோம். வில்ஹெல்ம் கைகர் 1895இல் இலங்கைக்கு வந்து சிங்கள மொழியை ஆராய்ந்தவர். மாலைதீவு மொழியையும் அவர் ஆராய்ந்தார். 1908இல் மகாவம்சத்தின் செம்மையான பாலிப் பதிப்பைத் தந்தார்; 1912இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சிங்களம் இந்தோ ஆரியக் குடும்பத்து மொழி என்ற அவர் முடிபு மொழியியலளவிற் சரியானதே. ஆயினும் அம்முடிபும் அப்பதிப்பும் பொதுவாழ்விற் புகுந்தபொழுது, ஆரியர் திராவிடர் என்னும் இரு இனங்கள் ஈராயிரம் ஆண்டுகளாகப் பொருதனர் என்ற கதைக்கு அவை அறிவியற் சான்றிதழ்களாக நீட்டப்பட்டன. எல்லாளனை நடுநிலை தவறா மன்னனெனப் போற்றும் பகுதியும் அதே மகாவம்சத்தில் உள்ளது என்பது எளிதில் மறக்கப்பட்டது. பேராதனை வரலாற்றறிஞர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இற் சிங்கள அடையாளத்தின் வரலாறு பற்றி எழுதிய கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மொழியாய்வு இவ்வின உணர்வுக்கு எங்ஙனம் உருக்கொடுத்தது என்பதை விளக்கினார். அக்கட்டுரை எழுப்பிய எதிர்ப்பே அது தொட்ட நரம்பு எத்தகையது என்பதைக் காட்டும். நாமும் இவ்விடயத்தில் தூயவர்களல்லேம். மறுதரப்பு ஆரியத்தைப் பற்றியது போலவே நாம் திராவிடத்தை ஓர் இனப்பெயராகப் பற்றிக்கொண்டோம். 1956, 1983 ஆகிய ஆண்டுகளின் கொடுமைகளுக்கு நிலம், தொழில், கல்வி, ஆட்சியதிகாரம் என வேறு காரணங்கள் பல உள. அவற்றைப் பேராசிரியர்கள் தோற்றுவிக்கவில்லை. ஆனால் பகைமை பேசுவதற்கு வேண்டிய சொற்களைப் புலமை தந்துதவியது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததாகக் கருதினால் அதன் இயல்பை விளங்கிக்கொள்ள மாட்டோம். ஆபிரிக்காவில் ஜேர்மனி குடியேற்ற நாடுகளை வைத்திருந்தது. 1908இல் ஹம்பேர்க் நகரில் நிறுவப்பட்ட குடியேற்றநாட்டு நிறுவனத்தில், ஆபிரிக்கா செல்லும் அலுவலர்க்கென இஸ்லாமிய ஆய்வும் ஆபிரிக்க மொழியாய்வும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. முன்னதற்குக் கார்ல் ஹைன்ரிக் பெக்கரும் பின்னதற்குக் கார்ல் மைன்ஹோஃபும் பொறுப்பாக இருந்தனர். மைன்ஹோஃப் 1912இல் 'ஹாமிய' மொழிகள் பற்றி ஒரு நூல் எழுதி, ஃபுலா, மாசாய், நாமா ஆகியவற்றை ஒரே குடும்பமாக்கினார். மொழியமைப்போடு உடலமைப்பையும் கால்நடை வளர்ப்பையும் சேர்த்து நோக்கியதால் விளைந்த முடிபு அது. பின்னர் ஜோசப் கிறீன்பேர்க் மொழிச்சான்றை மட்டுமே துணைக்கொண்டு, அம்மூன்று மொழிகளும் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை எனக் காட்டினார். ஆனால் வெளியிலிருந்து வந்து ஆண்ட 'ஹாமியர்' என்னும் கருத்து, ஐரோப்பியர் பலர் எழுத்துகளின் வழியே, அதற்குள் ருவண்டாவில் வேர்விட்டிருந்தது. ஒரே மொழியைப் பேசிய ஹூட்டுகளும் துட்ஸிகளும், முன்னர் ஜேர்மனிய ஆட்சியிலும் பின்னர் பெல்ஜிய ஆட்சியிலும், பூர்வீகர் என்றும் வந்தேறிகள் என்றும் பிரித்து நோக்கப்பட்டனர். 1994இல் நிகழ்ந்த படுகொலையின்போது அப்பழைய சொல் மீண்டும் ஒலித்தது. ஆபிரிக்காவின் இவ்வரலாற்றை வாசிக்கும் ஈழத்தவர் ஒருவர் அதனை அயலார் கதையாக வாசிக்க இயலாது.

4

இகழ்ச்சி மட்டுமன்றிப் புகழ்ச்சியும் ஒரு பண்பாட்டை அதற்கு உரியவரிடமிருந்து பறிக்கக்கூடும். லியோ ஃப்ரோபேனியஸ் ஆபிரிக்காவுக்குப் பன்முறை சென்று, அங்கு நாகரிகமே இல்லை என்ற ஐரோப்பிய எண்ணத்தை மறுத்தவர். அவருடைய ஆபிரிக்கப் பண்பாட்டு வரலாறு 1936இற் பிரெஞ்சில் வந்தபொழுது செங்கோரும் செசேரும் அதனை ஆவலோடு கற்றனர். தம் முன்னோரின் மதிப்பை ஓர் ஐரோப்பியர் வாயிலாகவே மீட்டெடுத்தனர். அதே ஃப்ரோபேனியஸ்தான் 1910இல் யொரூபா நாட்டு இஃபே நகரிற் கண்ட சிற்பத் தலைகளின் எழிலில் மயங்கி, இவை கடலுட் புதைந்த அத்லாந்திஸ் நாட்டவர் கைவண்ணமாதல் வேண்டும் எனக் கூறியவரும் ஆவார். கலை உயர்ந்தது, ஆதலின் உங்களுடையதன்று என்பதே அதன் பொருள்.

இஸ்லாம் பற்றிய ஆய்வில் வேறொரு வகை இழப்பு நேர்ந்தது. நோல்டெக்கெ 1860இல் எழுதிய குர்ஆன் வரலாறும் புரொக்கல்மனின் அரபிலக்கிய வரலாறும் அத்துறையின் தூண்கள். எனினும் மூலத்தைத் தேடும் நோக்கு மேலோங்கியமையால், இஸ்லாம் என்பது அரபும் பாரசீகமும் துருக்கியுமே என்ற மனப்பாங்கு நிலைபெற்றது. சிந்தி, உருது முதலிய மொழிகளின் சூபி இலக்கியத்தையும் ஆய்வுக்குள் கொணர்ந்த ஆன்மேரி ஷிம்மலின் பணி இவ்வகையில் ஒரு விரிவு. ஆனால் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அரபுத்தமிழும் அப்பெருநிலப்படத்தின் ஓரத்திலேயே நின்றன. அவற்றுக்குரிய இடத்தைத் தேடித்தந்தவர்கள் ம. மு. உவைஸ் போன்ற நம்மவர்களே. ஸாஹிராக் கல்லூரியிற் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த சிவத்தம்பிக்கு, தமிழிலக்கிய வரலாறு என்பது சைவர்க்கு மட்டும் உரியதன்று என்ற உணர்வு நூலறிவாகவன்றி வாழ்வறிவாகவே வந்திருத்தல் வேண்டும்.

5

இனி நம் உரைகல்லுக்கு வருவோம். ஜேர்மனியச் சிந்தனை நம்மிடம் வந்த மற்றொரு வழி மார்க்ஸ், ஏங்கல்ஸ் ஆகியோருடையது. மோர்கனின் பண்டைச் சமூகம் பற்றிய நூலை அடியொற்றி ஏங்கல்ஸ் 1884இற் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை விளக்கினார். அவ்விளக்கத்தைக் கிரேக்க இலக்கியத்துக்குப் பொருத்தியவர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். ஈஸ்கிலஸ் பற்றி 1941இல் அவர் எழுதிய நூல், குலச் சடங்கிலிருந்து ஏதென்ஸ் நாடகம் எவ்வாறு பிறந்தது என்பதைச் சமூக மாற்றத்தோடு இணைத்துக் காட்டியது. அவரிடம் பயின்ற தமிழர் இருவர்: க. கைலாசபதியும் சிவத்தம்பியும்.

கைலாசபதியின் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. வொல்ஃப் எழுப்பிய ஹோமர் வினா, மில்மன் பாரி என்னும் அமெரிக்கர் கையில் வாய்மொழிப் பாடல்களின் வாய்பாட்டு ஆய்வாக மலர்ந்து, அந்நூலிற் புறநானூற்றுப் பாணரை வந்தடைந்தது. இது பெரும் வெளிச்சம். எனினும் சங்கப் பாடல்கள் பாணரின் வாய்மொழிப் பாடல்களே என்பதை ஜோர்ஜ் ஹார்ட் ஏற்கவில்லை. அவை பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர் யாத்தவை என்பது அவர் கருத்து. ஹோமருக்குப் பொருந்திய சட்டகம் கபிலருக்கு முற்றும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே.

சிவத்தம்பி 1970இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது. 1981இல் அது ஆங்கிலத்தில் நூலாயிற்று. பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஆகியோரை வெறும் பெயர்களாகக் கொள்ளாது, ஒரு சமூகத்தின் உழைப்பாளராக, அச்சமூகம் மாற மாறத் தாமும் நிலைமாறியோராகக் கண்டமை அந்நூலின் அழியாச் சிறப்பு. வித்தியானந்தனோடு நாட்டுக்கூத்து மீட்புப் பணியில் நின்ற அனுபவமும் அதற்கு உரமூட்டியது. ஏட்டை மட்டும் கண்ட ஜேர்மனியப் பண்டிதர்க்கு வாய்க்காத ஒன்று, வடமராட்சியிற் பிறந்தவருக்கு வாய்த்திருந்தது.

ஆயினும் அந்நூலின் ஒப்பீட்டுத் தளத்தை நாம் ஆராயாது விடலாகாது. கிரேக்கத்தை அளவுகோலாக நிறுத்தியவுடன், தமிழில் ஏதென்சைப் போன்ற நாடக இலக்கியம் ஏன் எழவில்லை என்ற வினா தவிர்க்கவியலாததாகிறது. இது இல்லாமையைப் பற்றிய வினா. இவ்வினாவின் ஊற்று எங்கே? 1764இல் விங்கெல்மன் பண்டைக் கலையின் வரலாற்றை எழுதிக் கிரேக்கக் கலையை மனிதகுலத்தின் உச்சமாக நாட்டிய இடத்திலே. மார்க்ஸும் 1857இல் எழுதிய குறிப்புகளிற் கிரேக்கக் கலையை எட்டுதற்கரிய முன்மாதிரியாகவே நோக்கினார். அந்த நோக்கு ஏங்கல்ஸ் வகுத்த படிநிலைகளோடு கூடித் தொம்சனிடம் வந்தது. தொம்சனிடமிருந்து நம்மவரிடம் வந்தது. சமூகவியற் கருவி முற்போக்கானது. ஆனால் அக்கருவியின் கைப்பிடியில் விங்கெல்மனின் விரற்பதிவு இருந்தது. கூத்து, வெறியாட்டு, துணங்கை, குரவை ஆகியன நாடகமாக வளராத குறைகளாகத் தோன்றும் அபாயம் அதனால் எழுகிறது. சிவத்தம்பி இவ்வபாயத்தை உணராதவரல்லர். ஆனால் ஒப்பீட்டின் அமைப்பே வாசகனை அத்திசையில் இழுக்கின்றது.

1974இல் அவர் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆங்கிலக் கட்டுரை இவ்விடத்திலேதான் முக்கியத்துவம் பெறுகின்றது. அளவிற் சிறிதாயினும், ஆய்வேட்டினும் அதுவே அவருடைய பெருஞ்சாதனை என்பது எம் துணிபு. அங்கே வினா ஏதென்சிலிருந்து வரவில்லை. தொல்காப்பியத்திலிருந்தும் பாடல்களிலிருந்தும் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் பாகுபாட்டைக் காதற்சுவைக்குரிய பின்னணியாக மட்டும் கொள்ளாமல், வெவ்வேறு உற்பத்தி முறைகள் ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சியின் வெளிப்பாடாக அவர் விளக்கினார். இதன் கோட்பாட்டுப் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேட்டை, மேய்ச்சல், உழவு என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்ட படிநிலை வரிசை, தமிழ்ச் சான்றின் முன் அப்படியே நிற்க மாட்டாது. குறிஞ்சிக் குறவனும் மருதத்து உழவனும் சமகாலத்தவர். தேனுக்கு மீனும், மீனுக்கு நெல்லும் மாறிய சமூகம் அது. மார்க்சியத்தின் கருவியைக் கொண்டே மார்க்சியரின் வாய்பாடொன்றைத் திருத்திய நிகழ்வு இது. சீகன்பால்க்குக்கு விடை எழுதிய பெயரறியாத் தமிழர் செய்ய இயலாத ஒன்றை, கரவெட்டித் தமிழர் செய்தார்: வினாவையே மாற்றி அமைத்தார்.

1986இல் வெளிவந்த தமிழிலக்கிய வரலாறு பற்றிய அவருடைய ஆங்கில நூல் இதே நெறியின் அடுத்த கட்டம். இலக்கிய வரலாறு எழுதியோரின் கருத்துநிலையையே அங்கே அவர் ஆய்வுப் பொருளாக்கினார். அயலார் நம்மை எழுதியதில் மறைந்திருந்த நோக்கங்களைக் காட்டியதோடு, நாம் நம்மை எழுதியதில் மறைந்திருந்தனவற்றையும் காட்டினார். தமிழின் தொன்மையைப் பெருமிதத்துக்குரிய உடைமையாக மட்டும் கொள்வோர்க்கு அந்நூல் உவப்பானதன்று. அவ்வுவப்பின்மையே அதன் நேர்மைக்குச் சான்று.

6

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் அளவுகோலை நாம் பெறலாம். ஒரு புலமையை அது பிறந்த நாட்டைக் கொண்டோ, அதனை எழுதியவரின் நல்லெண்ணத்தைக் கொண்டோ மதிப்பிடுதல் போதாது. ஆராயப்படும் மக்களின் சான்று, ஆராய்பவரின் வினாவைத் திருத்துவதற்கு அதில் இடமுண்டா என்று நோக்குதல் வேண்டும். கைகரின் மகாவம்சப் பதிப்பில் அதற்கு இடமுண்டு; பாடவேறுபாடுகளை அவர் ஒளிக்கவில்லை. மைன்ஹோஃபின் ஹாமியக் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை. விடை முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. மார்க்சியத்திலும் இவ்விரு தன்மைகளும் உள்ளன. எதனை எடுத்துக்கொள்கிறோம் என்பதே நம் பொறுப்பு.

இப்பொறுப்பு இன்று புதிய வடிவம் பெற்றுள்ளது. 1983இன் பின்னர் வடமராட்சி உட்பட ஈழத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஜேர்மனியிற் புகலடைந்தனர். 2002இல் ஹம் நகரிற் காமாட்சி அம்பாள் ஆலயம் குடமுழுக்குக் கண்டபொழுது, சீகன்பால்க் ஏட்டில் எழுதியனுப்பிய தெய்வங்களுள் ஒன்று ஜேர்மன் மண்ணிலேயே கோயில் கொண்டது. அவ்வாலயத்தையும் அடியவரையும் இப்பொழுது சமயவியலாளர் ஆராய்கின்றனர். பழைய வினாக்கொத்து மீண்டும் நம்மிடம் நீட்டப்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜேர்மன் தாய்மொழிக்கு நிகரானது. நம் ஆய்வாளர் பலர் ஆங்கிலத்தின் வழியே எட்டிப்பார்த்த ஹாலேச் சுவடிகளை, கிரௌலையும் ஷோமெரசையும், அவர்கள் நேரே வாசிக்க வல்லவர்கள்.

நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதற்கு என்ன செய்யப்போகின்றன என்பதே எம்முன் உள்ள வினா. வடமொழியும் பாலியும் தமிழாய்வாளர்க்கு வேண்டும் என்பதை நாம் ஏற்கிறோம். நம்மைப் பற்றி முந்நூறு ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் ஒரு மொழியைச் சில மாணவரேனும் கற்றல் வேண்டும் என்பதையும் ஏற்றல் வேண்டும். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுள் ஆய்வு நாட்டமுடையோரை இங்குள்ள துறைகளோடு இணைத்தலும் வேண்டும். தரங்கம்பாடிக் கடிதங்களை எழுதிய தமிழர் யாரென்று தேடுவது அவர்கள் மேற்கொள்ளத்தக்க முதற்பணியாகும். பேராசிரியர் சிவத்தம்பிக்கு விழா எடுப்பதிலும், அவர் 1974இற் காட்டிய நெறியில் இத்தகைய ஓர் ஆய்வைத் தொடங்குவதே அவருக்குச் செய்யும் தக்க கைம்மாறு ஆகும்.